தூத்துக்குடியும் சுற்றுப்புறமும்: பார்க்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடிக்கு முதன்முறையாக வருகிறவர்களும், திருச்செந்தூருக்குப் போகும் வழியில் ஓரிரு நாள் இங்கே தங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தூரங்கள் நகரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழக் கணக்கிட்டவை.

தூத்துக்குடியில் பார்க்க என்ன இருக்கிறது? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஊட்டியையோ கன்னியாகுமரியையோ போலப் பயணிகளை நம்பி வாழும் ஊர் இதுவன்று. உப்பும் மீனும் துறைமுகச் சரக்கும் இதன் பிழைப்பு. ஆகவே இங்கே பார்க்கத்தக்கவற்றில் பாதி, வேலை நடந்துகொண்டிருக்கும் இடங்கள்தாம். அனுமதிச் சீட்டும் வழிகாட்டிப் பலகையும் அங்கே இல்லை. இதை அறிந்து வருகிறவர்களுக்கு ஊர் பிடித்துப்போகும்.

நகருக்கு ஒரு நாளும், சுற்றுப்புறத்துக்கு மூன்று நாளும் ஒதுக்கினால் போதும். சுற்றுப்புறத்தை மூன்று திசைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: தெற்கே திருச்செந்தூரும் மணப்பாடும் அமைந்த கடற்கரை, தென்மேற்கே தாமிரபரணிக் கரை, வடக்கே எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் நிலம். ஒரு நாளுக்கு ஒரு திசை என்பதே சரியான கணக்கு. காலையில் திருச்செந்தூர், மதியம் நவதிருப்பதி, மாலை எட்டயபுரம் என்று திட்டம் போடுகிறவர்கள் எதையும் பார்க்காமல் சாலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எந்த மாதங்களில் வரலாம்?

சனவரியும் பிப்ரவரியும் மிக ஏற்றவை. மார்ச்சு முதல் செப்டம்பர் வரை வெயில் கடுமையாக இருக்கும். ஆயினும் உப்பளங்களில் வேலை முழுவீச்சில் நடப்பதும், பதநீர் கிடைப்பதும், பனிமய மாதா திருவிழா வருவதும் அந்தக் காலத்தில்தான். அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை குறைந்த மாவட்டம் என்று பெயர் வாங்கியிருந்தாலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதில் திருச்செந்தூர்ச் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அம்மாதங்களில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

துறைமுகத்தை உள்ளே சென்று பார்க்க முடியுமா?

தூத்துக்குடியில் துறைமுகங்கள் இரண்டு. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்பது ஊருக்குத் தெற்கே உள்ள புதிய துறைமுகம். கப்பல் தளங்களுக்குள் முன் அனுமதியின்றிப் பொதுமக்கள் செல்ல இயலாது. அதை ஒட்டிய கடற்கரையும், சாலையால் நிலத்தோடு இணைக்கப்பட்ட முயல் தீவும் உள்ளூர்க் குடும்பங்கள் பொழுதுபோக்கச் செல்லும் இடங்கள். காணும் பொங்கலன்று அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

என் கணிப்பில் பார்க்க வேண்டியது பழைய துறைமுகம். கடற்கரைச் சாலையில் நடந்து போனால், மரத்தால் கட்டிய தோணிகள் கரையை ஒட்டி நிற்பதைக் காணலாம். மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறி, செங்கல், ஜல்லி, சிமென்டு என்று கிடைத்ததை ஏற்றிச் செல்லும் சரக்குக் கலங்கள் இவை. பாய்மரத்தோடு ஓடியவற்றில் இன்று இயந்திரம் இருக்கிறது. உடல் மட்டும் இன்னும் மரம்தான். வெங்காய மூட்டைகள் வரிசையாகத் தோணிக்குள் இறங்க, மேல்தளத்தில் யாரோ ஒருவர் சமையலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மாலத்தீவுப் பயணம் நின்றுவிடும். அப்போது அவை பழுது பார்ப்புக்காகக் கட்டப்பட்டிருக்கும். புகைப்படம் எடுக்குமுன் காவலரிடமோ தோணிக்காரரிடமோ கேட்டுக்கொள்வது முறை.

வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்குப் போய்வந்ததும் இந்தக் கடலில்தான். அதைச் சொல்லும்படியான காட்சி அமைப்பு எதுவும் பழைய துறைமுகத்தில் இல்லாதது ஒரு குறையே.

மீன் ஏலத்தை எப்போது பார்க்கலாம்?

விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்குள்ள விசைப்படகுகள் அதிகாலையில் கிளம்பி இரவில் கரை திரும்புகிறவை. எனவே ஏலம் சூடுபிடிப்பது இரவில். நாட்டுப்படகுகளையும் வல்லங்களையும் பார்க்க விரும்பினால் திரேஸ்புரத்துக்குச் செல்லலாம். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காமல் இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

எதிரே உள்ள தீவுகளுக்குப் படகில் போகலாமா?

போக முடியாது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை சிதறிக் கிடக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. தீவுகளில் இறங்கத் தடை உண்டு. பவளப்பாறைகளைக் கட்டடச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததன் விளைவாக, தூத்துக்குடிக் கடலில் இருந்த விலாங்குச்சல்லி என்னும் தீவு நீருக்குள் மூழ்கியே போயிற்று. நகருக்கு மிக அருகிலுள்ள வான்தீவும் கரைந்து சுருங்கியதால், அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். ‘தீவுக்கு அழைத்துச் செல்கிறேன்’ என்று யாரேனும் படகு பேச வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பனிமய மாதா பேராலயத்துக்கு எப்போது செல்வது நல்லது?

ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். மணிலாவிலிருந்து 1555இல் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் மாதா சுரூபம், 1713இல் எழுந்த இன்றைய ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 1982இல் ஆலயம் பேராலயத் தகுதி பெற்றது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்தைத் தழுவிய வரலாறு முழுவதும் இந்த ஆலயத்தோடு பின்னிக் கிடக்கிறது.

சூலை 26 அன்று கொடியேறி, ஆகஸ்டு 5 அன்று பெருவிழா நடைபெறும். அந்தப் பதினொரு நாளும் தங்கும் விடுதிகளில் அறை கிடைப்பது அரிது, முன்பதிவு கட்டாயம். பலர் கேட்கும் பொற்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 1806இல் தொடங்கிய அத்தேரோட்டம் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே நடக்கும். அண்மையில் ஓடியது 2023இல். ஆலயத்துக்கு அருகிலேயே டச்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும், நகரின் நடுவில் சங்கரராமேசுவரர் கோயிலும் உண்டு. மாலையில் உட்கார்ந்து காற்று வாங்க ரோச் பூங்கா.

உப்பளங்களைப் பார்க்க அனுமதி வேண்டுமா?

உப்பளங்கள் தனியார் குத்தகையிலும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் இருக்கின்றன. முத்தையாபுரம், ஆறுமுகநேரி, தருவைகுளம், வேப்பலோடை என்று நகரின் இருபுறமும் சாலையோரமாகவே விரிந்து கிடப்பதால், வண்டியை நிறுத்திப் பார்ப்பதற்கு அனுமதி தேவைப்படாது. வரப்பில் இறங்கி உள்ளே செல்ல வேண்டுமானால் அங்கிருக்கும் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு. உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றிப் படிப்படியாகக் காயவிட்டு, அடியில் படிந்த உப்பை நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் வாரி வரப்போரம் ஒதுக்குகிறார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை என்பதால் விடியுமுன்பே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். காலை 6 மணிக்குப் போனால் வாருவதையும், தலைச்சுமையாக எடுத்துவந்து அம்பாரம் கட்டுவதையும் காணலாம். 10 மணிக்குப் போனால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளி மட்டுமே மிஞ்சும். அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உப்புநீரில் காலம் முழுதும் நின்று கால் வெடித்துப் போனவர்களை வேடிக்கைப் பொருளாக்கிப் படமெடுப்பது தகாது.

முத்துநகர் என்கிறார்களே, இங்கே முத்து வாங்கலாமா?

வாங்கலாம், தூத்துக்குடிக் கடலின் முத்து என்று நம்பி வாங்க வேண்டாம். இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வேறிடங்களில் வளர்க்கப்பட்ட நன்னீர் முத்துகள். ஆனால் சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. இங்கிருந்து சென்ற சங்குகளை அறுத்துத்தான் வங்காளத்துப் பெண்களுக்கு நெடுங்காலமாக வளையல் செய்துவந்தார்கள். சங்கிலும் சிப்பியிலும் செய்த பொருட்களை வாங்குவது நியாயமான தேர்வு.

திருச்செந்தூர்ப் பயணத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

தூரம் 40 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு. அறுபடை வீடுகளில் கடற்கரையில் அமைந்த ஒரே தலம் இது. பல கோயில்களைப் போல நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் பொதுவாக இங்கே இல்லை; அதனால் அதிகாலையில் முடியாதவர்கள் பிற்பகலிலும் வரலாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே உள்ளே செல்ல வேண்டும். கைப்பேசிக்கு அனுமதியில்லை, அதை விடுதியிலோ காப்பறையிலோ விட்டுவிட்டு வரிசையில் நிற்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடலில் நீராடிவிட்டு நாழிக்கிணற்றில் குளிப்பது மரபு. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தக் கிணற்றின் ஊற்று உப்புக் கரிக்காது. கடலரிப்பால் கோயிலுக்கு முன்னுள்ள கரை சில சமயம் செங்குத்தாகச் சரிந்து கிடக்கும். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. வள்ளி குகையையும், பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியையும் பெரும்பாலோர் அறிந்திருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோயிலைக் கைப்பற்றிச் சண்முகர் திருமேனியை எடுத்துச் சென்றதும், வடமலையப்ப பிள்ளை அதைக் கடலிலிருந்து மீட்டதாகச் சொல்லப்படுவதும் அறியாமல் திரும்புகிறவர்கள் பலர்.

கந்தசஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம் ஆகிய நாட்களில், வேண்டுதல் இருந்தாலன்றி, பார்வையிடும் நோக்கத்தோடு மட்டும் செல்லாதிருப்பதே நல்லது.

போகும் வழியில் தாமிரபரணியைக் கடக்கும்போது ஆத்தூர் வரும். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை விளைவது இங்கே. சாலையிலிருந்தே கொடிக்கால்கள் தெரியும். அடுத்து வரும் காயல்பட்டினம் பழமையான பள்ளிவாசல்களும் மாளிகை வீடுகளும் நிறைந்த ஊர். அங்கே வீடுகளுக்குப் பின்னே ஓடும் முடுக்குகள் பெண்கள் நடமாடுவதற்கென்று விடப்பட்டவை. வெளியூர் ஆண்கள் அவற்றில் நுழைந்துவிடாமல் தெருவழியே நடக்க வேண்டும். பள்ளிவாசலைப் பார்க்க விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு செல்லலாம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே போவது பயனுள்ளதா?

கட்டாயம் போக வேண்டும். நான் பரிந்துரைக்கும் ஒரே ஒரு பயணம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திருச்செந்தூரிலிருந்து சிறிது தூரத்தில் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவன், அனுமன், காவலர், பிச்சைக்காரர் என்று வேடம் கட்டிக் காணிக்கை பிரிக்கும் பக்தர்கள் அந்தப் பத்து நாளும் மாவட்டம் முழுவதும் திரிவார்கள். மற்ற நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது இவ்வூர்ப் பகுதியில்தான். அது பார்வையிடும் இடமன்று.

அதற்கும் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அடியில், புனித சவேரியார் 1542க்குப் பின் இக்கரையில் பணியாற்றிய காலத்தில் தங்கியதாகப் போற்றப்படும் குகை. குகைக்குள் ஒரு சிறு கிணறு. ஒருபக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத கழிமுகம், நடுவில் ஓட்டு வீடுகளும் சுண்ணாம்பு பூசிய மாளிகைகளும் நெருங்கிய பரதவர் ஊர். செப்டம்பர் 14 அன்று திருவிழா. ஞாயிறு மாலைகளில் கூட்டம் கூடும். வார நாளில் 4 மணிக்கு மேல் போனால் குன்றை நிதானமாகச் சுற்றி வரலாம்.

திரும்பும்போது கடலை விட்டுச் சற்று உள்ளே வந்து தேரிக்காட்டைப் பார்க்க வேண்டும். கடற்கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே, காற்று குவித்த செக்கச்சிவந்த மணல்மேடுகள் பனையும் முந்திரியுமாக விரிந்து கிடக்கின்றன. அதன் நடுவே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பாலைபோன்ற அந்த மணலுக்கிடையே வற்றாத சுனையும் மரநிழலும். நண்பகலில் மணலில் வெறுங்காலோடு நடக்க இயலாது. கார் ஓட்டுகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும்.

ஆதிச்சநல்லூரையும் நவதிருப்பதியையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

இரண்டும் தாமிரபரணிக் கரையில் அடுத்தடுத்து உள்ளவை, ஆகவே பார்க்கலாம். நவதிருப்பதி எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களையும் முடித்தே தீர வேண்டும் என்னும் உறுதி இருந்தால் மட்டும் ஆதிச்சநல்லூருக்கு நேரம் இருக்காது. இக்கோயில்கள் நண்பகலில் மூடி மாலையில்தான் திறக்கும். ஒவ்வொன்றின் நேரமும் சற்று மாறுபடும். வேண்டுதல் இல்லாதவர்களுக்கு மூன்று போதும் என்பது என் கருத்து: சிற்பத் தூண்கள் சிறந்த ஸ்ரீவைகுண்டம், நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி நிற்கும் ஆழ்வார்திருநகரி, மகர நெடுங்குழைக்காதர் கோயில் கொண்ட தென்திருப்பேரை. காலை 7 மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கினால் நடை சாத்துமுன் மூன்றையும் வழிபட்டுவிடலாம்.

நடை சாத்தியிருக்கும் நண்பகல் நேரத்தைப் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூருக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரியா அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அகழ்வுத்தள அருங்காட்சியகத்தில், தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே, மண்ணில் பாதி புதைந்த முதுமக்கள் தாழிகள் வாய்ப்புறம் உடைந்து, ஒன்றையொன்று நெருக்கி நிற்பதைக் காணலாம். புகைப்படத்தில் பார்ப்பதற்கும் நேரில் அதன்மேல் நிற்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அருகிலுள்ள சிவகளையும் அகழாய்வால் பெயர் பெற்றது.

கொற்கையில் என்ன பார்க்கலாம்?

அதிகம் இல்லை. சங்கப் பாடல்களும் கிரேக்க நூல்களும் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு சிற்றூர். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஒரு பழைய வன்னிமரமும் சிறு கோயில்களும் உள்ளன. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் ஏரலிலிருந்து ஆட்டோ வைத்துப் போய் வரலாம். பிள்ளைகளை அழைத்துப்போனால் சலித்துக்கொள்வார்கள்.

வடக்கே ஒரு நாள் சென்றால் எவற்றைப் பார்க்கலாம்?

முதலில் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். இன்று நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ‘பழைய கோட்டை எங்கே?’ என்று அங்கே தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: பின்புறம் அடித்தளச் சுவர்களின் எச்சங்கள் உள்ளன. அடுத்துள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது.

மதுரைச் சாலையில் மேலும் சென்றால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த வீடும், 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் எல்லாரும் பார்ப்பவை. அதே ஊரில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் தர்காவும், 1835இல் இங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இருக்கின்றன. பாரதி இல்லத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் இவ்விரண்டையும் தவறவிடுகிறார்கள்.

கார் இருந்தால் கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்கும் செல்லலாம். நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில் அங்கே உள்ளது. விமானத்தின் ஒருபுறம் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிப் பார்க்க வேண்டும்; விரல்கள் தோலில் படிந்த அந்த நிலைக்காகவே மலையேறலாம். அதே பாறையின் மறுபக்கம் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். அவற்றுள் பெண் துறவியரான குரத்தியர் பெயர்களும் உண்டு. மாலை வெயில் சாய்வாக விழும்போது சிற்பங்கள் நன்றாகத் துலங்கும்.

கார் வேண்டுமா, பேருந்து போதுமா?

திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், எட்டயபுரம் ஆகிய மூன்றுக்கும் பேருந்து போதும். மணப்பாட்டுக்குத் திருச்செந்தூரில் மாறிச் செல்லலாம். தேரிக்காடு, நவதிருப்பதி, கழுகுமலை ஆகியவற்றுக்குக் கார் இல்லாமல் அலைச்சல் மிகும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவில் எழும்பூரில் கிளம்பிக் காலையில் சேர்க்கும் முத்துநகர் விரைவு ரயில் வசதியானது.

இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் உண்டா?

பயணிகள் கப்பல் இல்லை. 2011 சூனில் கொழும்புக்குத் தொடங்கிய சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. கடல்வழியே செல்ல விரும்புகிறவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

ஊருக்கு வாங்கிப்போக எது நல்லது?

முதலில் மக்ரூன். முட்டை வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்திச் சுடுவது. நல்ல மக்ரூன் வெளியே மொறுமொறுப்பாகவும், கடித்தவுடன் நாவில் கரைவதாகவும் இருக்கும். பல்லில் ஒட்டினால் பழையது அல்லது முந்திரி குறைந்தது. ஈரக்காற்றுப் பட்டால் நமத்துவிடுமாதலால், புறப்படும் நாளில் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ள வேண்டும். முட்டை சேர்ந்தது என்பதைச் சைவ உணவினருக்குக் கொடுக்குமுன் சொல்லிவிடுவது நல்லது.

உடன்குடிக் கருப்பட்டியும், சுக்கு சேர்த்த சில்லுக்கருப்பட்டியும் திருச்செந்தூர்க் கடைகளில் குவிந்திருக்கும். சர்க்கரைப் பாகு கலந்த போலிகளும் உண்டு. மிகவும் பளபளப்பாகவும் விலை வியப்பூட்டும்படி மலிவாகவும் இருந்தால் ஒதுக்கிவிடலாம். கோடையில் உடன்குடிப் பக்கம் போகிறவர்கள் காய்ச்சும் இடத்திலேயே கேட்டு வாங்கினால் கலப்படத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கருவாடு வாங்குகிறவர்கள் ரயிலில் ஏறுமுன் நான்கு மடிப்பாவது காகிதத்தில் பொதிந்துகொள்வது உடன் வரும் பயணிகளுக்குச் செய்யும் உதவி.